ஆப்பிரிக்காவுக்கு வதனி கட்டிய பை

போன சனிக்கிழமை இங்கே ஆக்லாந்தில், பாபடோயிட்டோ பக்கம், வழக்கமாக நாங்கள் அரிசி வாங்கும் கடையில் ஒரு வாசகர் என்னைப் பிடித்துக்கொண்டார். கோயம்புத்தூர்க்காரர். இங்கே ஐ.டி. வேலை. கல்யாணமாகி ஒரு வருடம் இருக்கலாம், முகத்தில் அந்தக் களை.

"சார், நீங்க ஆப்பிரிக்கா போய்ட்டு வந்ததை எழுதியிருந்தீங்க. நானும் ஒய்ஃபும் போறோம். சஃபாரிக்கு என்னென்ன எடுத்துட்டுப் போகணும்?"

கேட்டால் விடுவேனா? ஆரம்பித்துவிட்டேன். சட்டையெல்லாம் காக்கி, பழுப்பு, மங்கலான பச்சை. கறுப்பும் கருநீலமும் வேண்டாம், ஒருவகை ஈ அந்த நிறங்களைத் தேடி வந்து கடிக்கும். விடியற்காலையில் திறந்த ஜீப்பில் பல் கிட்டிப்போகும், கனமாக ஒரு ஸ்வெட்டர். தொப்பி, பைனாகுலர், டாக்டரைக் கேட்டு மலேரியா மாத்திரை. சக்கரம் வைத்த சூட்கேஸ் கூடவே கூடாது. உள்ளூரில் ஏறப்போவது குட்டி விமானம் — மெத்தென்ற துணிப் பை, ஆளுக்குப் பதினைந்து கிலோ, அவ்வளவுதான்...

பக்கத்தில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த என் மனைவி வதனி, காரில் ஏறி பெல்ட் போட்ட பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"அந்தப் பெடியனுக்கு எல்லாம் சொன்னியள். என்ரை பையைப் பற்றி மட்டும் சொல்லேல்லை."

"கடையில நின்னுக்கிட்டு எப்படிம்மா சொல்றது?"

"கடையில வேண்டாம். எழுதுங்கோ. என்னை மாதிரி ஆரும் எங்கையும் போக ஏலாதெண்டு வீட்டுக்குள்ள இருக்கினமோ, ஆருக்குத் தெரியும்?"

ஆகவே இது வதனி சொல்லி எழுதுவது. அவள் யாழ்ப்பாணம், நான் திருச்சி. சந்தித்தது, கல்யாணம் செய்தது எல்லாம் ஆக்லாந்தில். இத்தனை வருடத்தில் அவள் 'ஓம்'-ஐ விடவில்லை, நான் 'ஆமா'-வை விடவில்லை.

மங்கரேயில், விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சரக்கு அலுவலகத்தில் வதனிக்கு வேலை. ஊர் உலகத்தின் பெட்டிகளையெல்லாம் நாள் முழுக்க விமானம் ஏற்றி அனுப்புகிறவள். அவள் மட்டும் போனால் கொழும்பு, விட்டால் சென்னை. யானைகளைக் காட்டில் பார்க்க வேண்டும் என்று வெகு நாளாக ஆசை. போகலாம் என்று முடிவுசெய்து பதிவும் செய்தோம். பிறகுதான் அவளுக்குக் குடலில் புற்றுநோய் என்று தெரிந்தது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆனால் கழிவு வெளியேற வயிற்றில் ஒரு வாசல் வைத்து, அதன்மேல் ஒட்டிக்கொள்ளும் ஒரு பை வந்தது. அது தற்காலிகமில்லை, கூடவே இருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வதனி மூன்று மாதத்தில் வேலைக்குத் திரும்பினாள். சமைத்தாள், சண்டை போட்டாள், சிரித்தாள். பயணத்தை அடுத்த வருடத்துக்குத் தள்ளிவைத்தோம். அந்த அடுத்த வருடமும் வந்தது.

"நீங்கள் போயிட்டு வாங்கோ. நான் வரேல்லை" என்றாள்.

"நீ இல்லாம எனக்கு என்ன சஃபாரி? கேன்சல் பண்ணிடறேன்."

"கான்சல் பண்ணச் சொல்லி நான் சொன்னனானே?"

கோபமாகத்தான் ஆரம்பித்தாள். பாதியில் குரல் உடைந்துவிட்டது. சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்து, என்னைப் பார்க்காமல், ஜன்னலைப் பார்த்துச் சொன்னாள்.

"ஜீப்பில முன்பின் தெரியாத ஆக்களோட அஞ்சு மணித்தியாலம் இருக்கவேணும். ரோட்டில்லை, குலுக்கும். நடுவில இது கழண்டால்? மணந்தால்? அவை ஒண்டும் சொல்லாயினம். மூஞ்சையைத் திருப்பிக்கொண்டு இருப்பினம். அதை எப்பிடித் தாங்குறது, சொல்லுங்கோ."

நான் அதுவரை என்ன நினைத்துக்கொண்டிருந்தேன் தெரியுமா? அவளுக்கு உடம்பில் தெம்பில்லை, நீண்ட பயணம் முடியாது என்று. பக்கத்திலேயே படுத்துத் தூங்குகிற மனிதனின் லட்சணம் இது. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவளே சொன்னாள். "இஞ்ச ஒருக்கா ஓடிப் பாப்பமே?"

புரியவில்லை எனக்கு. சரக்கு அலுவலகக்காரிக்கு எல்லாவற்றுக்கும் ஒத்திகை வேண்டும். உடையும் பொருளென்றால் முதலில் பெட்டியில் வைத்துக் குலுக்கிப் பார்ப்பார்களாம். "என்னையும் குலுக்கிப் பாப்பம்" என்றாள்.

அந்த வார இறுதியில், இருட்டு பிரியும் முன்பே கிளம்பினோம். தெற்கே போய், வையுக்கு என்ற ஊரைத் தாண்டி, கடலோரப் பண்ணைகளுக்கு நடுவே போகும் மண் ரோடுகள். வதனி பின் சீட்டில், பைனாகுலரோடு, தொப்பியோடு. நான் டிரைவர், வழிகாட்டி எல்லாம்.

"மேடம், இடது பக்கம் பாருங்க. அபூர்வமான விலங்கு. மாடு."

"குட்டியும் நிக்குது" என்றாள், வெகு சீரியஸாக.

வேண்டுமென்றே பள்ளம் பார்த்து ஓட்டினேன். நிற்கவேயில்லை. மூன்று மணி நேரம் போயிருக்கும். பின்னாலிருந்து பேச்சு நின்றுவிட்டது. கண்ணாடியில் பார்த்தேன். அவள் முகம் வெளுத்திருந்தது.

"நிப்பாட்டுங்கோ."

அவள் பயந்தது அப்படியே நடந்திருந்தது. ஒட்டு விட்டு, சட்டை வரைக்கும். சுற்றிலும் வேலியும் புல்வெளியும். ஒரு மரம்கூடக் கிடையாது. போதாததற்குத் தூறல். காரின் முன் கதவையும் பின் கதவையும் திறந்து, நடுவே காரில் கிடந்த என் லுங்கியைத் திரையாகப் பிடித்துக்கொண்டு நின்றேன். திரைக்கு அந்தப் பக்கம் அவள் ஈர டிஷ்யூ, புதுப் பை, மாற்றுச் சட்டை என்று ஒவ்வொன்றாக எடுக்கிற சத்தம் மட்டும் கேட்டது. அழுகிறாளோ என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

அந்த நேரம் பார்த்து நாலு சக்கர பைக்கில் ஒரு பண்ணைக்காரர் வந்துவிட்டார். வண்டியை மெதுவாக்கினார். தூறலில் லுங்கியை விரித்துப் பிடித்துக்கொண்டிருக்கும் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"ஆல் குட்?"

"ஆல் குட்" என்றேன்.

தலையை ஆட்டிவிட்டு, கண்ணை நேராக ரோட்டில் வைத்துக்கொண்டு போய்விட்டார். திரைக்குப் பின்னால் ஒரு சத்தம். வதனி அழவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

வீடு திரும்பும்போது முன் சீட்டுக்கு வந்துவிட்டாள். வழியில் சொன்னாள்: "பயந்தது நடந்திட்டுது. அவ்வளவுதான் என்ன?"

அன்று சாயங்காலமே கட்டிலில் துணிப் பையை விரித்தாள். இனி வருவதுதான் அந்தக் கோவை வாசகருக்கு நான் சொல்லாமல் விட்டது. வழக்கமாகத் தேவைப்படுவதைப் போல இரண்டு மடங்கு சாமான். எல்லாவற்றையும் ஒரே பையில் வைக்கக்கூடாது — பாதி அவளுடையதில், பாதி என்னுடையதில், எதுவும் கைவிட்டுப் போகாமல் விமானத்துக்குள்ளேயே. கத்தரிக்கோலை உள்ளே விடுவார்களோ மாட்டார்களோ, அதனால் பையை வயிற்றில் ஒட்டும் வளையங்களை வீட்டிலேயே அளவாக வெட்டி அடுக்கிவிட்டாள். வெயிலில் ஒட்டு இளகும், அதற்கு ஒரு குளிர்ப் பை. கென்யாவில் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை என்று படித்ததும் நாங்கள் தங்கவிருந்த முகாமுக்கு அவளே மெயில் எழுதிக் கேட்டாள். உங்களுக்கு வேண்டியதைக் கொண்டுவாருங்கள், கூடாரத்தில் மூடி போட்ட தொட்டி வைத்துவிடுகிறோம் என்று பதில் வந்தது.

எடை கூடிப்போனது. நான் சத்தமில்லாமல் என் பெரிய கேமரா லென்ஸை வெளியே எடுத்து வைத்தேன். அவள் என் இரண்டாவது ஜோடி ஷூவைத் தூக்கிப் போட்டுவிட்டு, லென்ஸைத் திரும்ப உள்ளே வைத்தாள்.

"சிங்கத்தைக் கிட்டத்தில பாக்க வேண்டாமே உங்களுக்கு?"

போனோம். முதல் நாள் காலை ஜீப்பில் எங்களோடு கனடாவிலிருந்து வந்த இரண்டு சகோதரிகள், ஒரு வயதான ஜெர்மன் தம்பதி. ஓட்டியவர் ஜோசப், உள்ளூர்க்காரர், அளந்து பேசுகிறவர். கொஞ்ச தூரம் போனதும் வண்டியை நிறுத்தி, "யாராவது டயர் செக் பண்ணணுமா?" என்று கேட்டார்.

யாருக்கும் புரியவில்லை. ஜெர்மன் தாத்தாவுக்கு மட்டும் உடனே புரிந்தது. இறங்கி, வண்டிக்குப் பின்னால் போய், நிதானமாகத் திரும்பி வந்தார். புதரும் கழிப்பறையும் அங்கே ஒன்றுதான் — சிங்கம் இருக்கிறதா என்று ஜோசப் முதலில் பார்த்துச் சொல்லவேண்டும், அவ்வளவே. தாத்தா அரை மணிக்கொரு தரம் டயர் செக் பண்ணினார். அந்த வயதில் ஆண்களுக்கு அப்படித்தான். யாரும் மூஞ்சையைத் திருப்பவில்லை.

மூன்றாவது தடவை நின்றபோது வதனி என் முழங்கையைத் தொட்டாள். சின்னப் பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். லுங்கியோடு நானும் இறங்கப்போனேன். அதற்குள் கனடாச் சகோதரிகளில் மூத்தவர் இறங்கி, தன் சால்வையை உதறி விரித்துக்கொண்டு, வதனிக்கு முதுகைக் காட்டி நின்றுவிட்டார். என்ன, ஏது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. தூரத்து மலையைப் பார்த்துக்கொண்டே நின்றார். எனக்குத்தான் கண் கலங்கிவிட்டது.

வதனி வந்து உட்கார்ந்து, கைகளைத் துடைத்தாள். ஜோசப் வண்டியைக் கிளப்பவில்லை. விரலை உதட்டில் வைத்தார்.

யானைகள். வேலமரங்களுக்கு நடுவிலிருந்து ஒவ்வொன்றாக வந்து, எங்களுக்கு முன்னால் பாதையைக் கடந்தன. ஆறேழு பெரியவை, கால்களுக்கு நடுவே ஒரு குட்டி. மண் வாசனை, மூச்சு விடுகிற சத்தம். கேமராவைத் தூக்கக்கூட மறந்துபோனேன். கடைசியாக வந்த கிழட்டுப் பெண் யானை நட்ட நடுவில் நின்றது. எங்களைப் பார்த்தது. வாலைத் தூக்கியது. பொத் பொத் என்று, அவசரமே இல்லாமல், கூடை கூடையாகச் சாணம் போட்டது. போட்டு முடித்தும் போகாமல், காதை விசிறிக்கொண்டு நின்றது.

வதனி என் காதருகே குனிந்தாள்.

"பாருங்கோ அவவை. இவ்வளவு பேர் பாத்துக்கொண்டிருக்கினம், ஒரு கவலை இருக்கோ அவவுக்கு?"

சொல்லிவிட்டு அவளுக்கே சிரிப்பை அடக்க முடியவில்லை. அது எனக்குத் தொற்றியது. பின்னால் சகோதரிகளுக்கு, ஜெர்மன் பாட்டிக்கு... என்ன பேசினோம் என்று ஒரு வார்த்தை புரியாமலேயே ஜீப் முழுக்கச் சிரித்தது.

ஜோசப் மட்டும் சிரிக்கவில்லை. இதிலெல்லாம் சிரிக்க என்ன இருக்கிறது என்று நினைத்திருப்பார்.