கவுன்சிலரின் தாத்தா எங்கே நிற்கிறார்?

“சார், போன மாசம் உங்க பத்தியைப் படிச்சேன். அதுலேர்ந்து எங்க அப்பா வேற ஒருத்தருக்குத் தாத்தா ஆயிட்டார். இதுக்கு என்ன செய்யலாம்?”

போனில் ஒரு பெண் குரல். கொஞ்சமும் கோபம் இல்லை. அதனாலேயே எனக்குப் பயமாக இருந்தது.

பேசியவர் சரோஜா டீச்சர். கே.கே. நகரில் இருக்கிறார். பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்று ரொம்ப வருடமாகிறது.

அப்படி என்ன எழுதித் தொலைத்தேன்? வாசகர்களுக்கு நினைவிருக்கலாம். வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி வாக்கிங் போனபோது பார்த்த ஒரு பேனர். எங்கள் பகுதிக் கவுன்சிலர் வைத்தது. சுதந்திரத்துக்கு முந்தைய போட்டோ — குளக்கரையில் ஓர் ஊர்வலம், முன்னால் சட்டையில்லாத இளைஞர் ஒருவர் கொடியோடு, எதிரே தடியோடு ஒரு போலீஸ்காரர். கொடி பிடித்தவர் தலையைச் சுற்றிச் சிவப்பு வட்டம். கீழே கொட்டை எழுத்தில் ‘எங்கள் தாத்தா!’

பார்த்தேன். நெகிழ்ந்தேன். எழுதிவிட்டேன். யாரையாவது விசாரித்தேனா? பேனரில் இருப்பதை அப்படியே நம்புகிற வயதா எனக்கு?

கவுன்சிலருக்கு ஒரே சந்தோஷம். என் பத்தியைப் பெரிதாக்கி, என் போட்டோவோடு அந்தப் பேனருக்குப் பக்கத்திலேயே கட்டிவிட்டார். ஆக, அவர் தாத்தாவுக்கு நான் சாட்சி!

மறுநாளே டீச்சர் வீட்டுக்குப் போனேன். காபி கொடுத்தார். பிறகு, பிளாஸ்டிக் உறைக்குள்ளிருந்து அதே போட்டோவின் பழைய பிரதியை எடுத்தார். ஓரமெல்லாம் பழுப்பேறியிருந்தது.

“பின்னாடி பாருங்க. அப்பா கையெழுத்து.”

அவர் பேர் இருந்தது. சரி. ஆனால், முன்னால் இருக்கிற நாற்பது முகத்தில் எந்த முகத்துக்கு அந்தப் பேர்?

“கொடி வச்சிருக்கறதுதான் அப்பான்னு அம்மா சொல்வாங்க. அப்பா வாயே திறக்க மாட்டார். ஊர்வலத்துல வாங்கின அடியில வலது மணிக்கட்டு கோணிப்போச்சு. அதுக்கப்புறம் தறியில உக்கார முடியலை. சௌராஷ்டிரக் குடும்பம் சார், எங்க தெருவுல வீட்டுக்கு வீடு தறி. எங்க அப்பா மட்டும் நூல் கடையில பொட்டலம் கட்டினார், அதுவும் இடது கையால.”

போட்டோவை இன்னொரு முறை பார்த்தேன். என்னமோ இடித்தது. செல்போனில் இருந்த பேனர் படத்தைப் பக்கத்தில் வைத்தேன். பேனரில் கொடி வலது கையில். டீச்சரின் போட்டோவில்... இடது கையில்!

எது சரி? தெப்பக்குளத்து மைய மண்டபத்தை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்று பார்த்தால், அது இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே மாதிரி இருக்கிறது. கட்டியவர்கள் என்னை நினைத்துப் பார்க்கவில்லை.

பேனரின் அடியில் அச்சடித்தவர் நம்பர் இருந்தது. கூப்பிட்டேன்.

“ஆமாண்ணே, நாந்தான் திருப்பிப் போட்டேன். கவுன்சிலரு மூஞ்சி ரைட் சைடுல வரணும்னாங்க. தாத்தா அவரைப் பாத்து வாராப்ல இருக்கணும்ல?”

ஆக, உண்மையில் கொடி இடது கையில்தான். அடிபட்டதோ வலது கை. கொடி பிடித்த கையில்தானே அடித்திருப்பார்கள்? அப்படியானால் கொடியோடு நிற்பவர் டீச்சரின் அப்பா இல்லையா? டீச்சரிடமே சொன்னேன். போட்டோவை வாங்கி, கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.

“இத்தனை வருஷமா நான் இதைக் கவனிக்கவே இல்லையே சார்...”

குரல் இறங்கிவிட்டது. நியாயம் கேட்டவரிடமிருந்து இருந்ததையும் பிடுங்கிக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது எனக்கு.

விட மனசில்லை. கவுன்சிலரிடமே போய், கொடிக்காரர் தன் அப்பா என்று ஒரு டீச்சர் சொல்வதைச் சொன்னேன். நல்ல மனிதர், மறைக்கத் தெரியாதவர். “தாத்தா இந்தப் போட்டோவுல இருக்காருன்னு எங்க அப்பா அடிக்கடி சொல்லுவாருண்ணே. தாத்தா பெட்டியிலதான் இருந்துச்சு. சந்தேகம்னா வாங்க, கொட்டாம்பட்டியில அப்பாவோட அக்கா இருக்காங்க. தொண்ணூறு வயசுலயும் கண்ணு அம்புட்டுத் தெளிவு. கேட்ருவோம்.”

அவர் காரிலேயே போனோம். வழியெல்லாம் எனக்கு ஒரு கேள்வி. ஊர்வலத்தில் கொடி பிடித்த பெருமையை யாராவது பெட்டிக்குள் வைத்துப் பூட்டுவார்களா? சுவரில் அல்லவா மாட்டுவார்கள்?

அத்தையின் பெயர் பஞ்சவர்ணம். வாசலில் கடலை உடைத்துக்கொண்டிருந்தார். டீச்சரின் போட்டோவை நகலெடுத்து வைத்திருந்தேன். அதைக் கையில் கொடுத்தேன்.

“இதுல உங்க அப்பா யாருன்னு தெரியுதாம்மா?”

“தெரியாம? இந்தா நிக்கிறாருல எங்க அய்யா.”

விரல் கொடிக்காரர் மீது இல்லை. தடியோடு நின்ற போலீஸ்காரர் மீது இருந்தது.

கவுன்சிலருக்கு வேர்த்துவிட்டது. “அத்தே, நல்லாப் பாருங்க. இது போலீசு.”

“ஆமாடா. போலீசுதான். உங்க தாத்தா வேற என்ன வேலை பாத்தாரு?”

“எங்கிட்ட நீங்க சொல்லவே இல்லையே!”

“எங்கிட்ட யாரு கேட்டா?”

கடலையை ஓரமாகத் தள்ளிவிட்டு அத்தையே பேசினார். “அய்யா வருசத்துக்கு ஒருக்காவாச்சும் இதைச் சொல்லிருவாரு. கொடி பிடிச்ச கையில அடிடான்னு அதிகாரி சொன்னானாம். அடிச்சுட்டாரு. அந்தப் பய கொடியக் கீழ விடலையாம், மறு கைக்கு மாத்திக்கிட்டானாம். அந்தக் கையிலயும் போடுன்னானாம் அதிகாரி. அய்யாவுக்குக் கையி எழும்பலையாம்.”

மணிக்கட்டு பற்றி நான் ஒரு வார்த்தை கூடச் சொல்லியிருக்கவில்லை. கவுன்சிலருக்கும் அது தெரியாது.

போட்டோவை வாங்கிப் பார்த்தேன். இடது கையில் கொடி. வலது கை உடம்போடு ஒட்டித் தொங்குகிறது. இத்தனை நாளும் அதைச் சும்மா தொங்கவிட்ட கை என்றுதான் நினைத்திருந்தேன்.

“அப்புறம் உங்க அய்யா வேலையை விட்டுட்டாராம்மா?” — எனக்கு ஒரு நல்ல முடிவு தேவைப்பட்டது.

“எங்கிட்டு விட? ஆறு பிள்ளைக. பென்சன் வாங்குற வரைக்கும் பாத்தாரு.”

“அந்தப் பையன் பேர் ஏதாவது சொன்னாரா?”

“பேரு அவருக்கே தெரியாது.”

திரும்பும்போது மேலூரைத் தாண்டினோம். கவுன்சிலர் மெதுவாக, “அண்ணே, எலெக்‌ஷன் வருது. எழுதித்தான் ஆகணுமா? இப்ப நான் வெளிய என்னன்னு சொல்றது?”

“தாத்தா அந்தப் போட்டோவுல இருக்கார்னு சொல்லுங்க. அது நிஜம்தானே?”

அவர் சிரிக்கவில்லை. நானும் கிண்டலுக்குச் சொல்லவில்லை. உங்கள் அப்பா பொய் சொல்லவில்லை, கேட்டவர்கள்தான் போட்டோவுக்குள் தாத்தாவை இடம் மாற்றிக்கொண்டார்கள் என்று விளக்கப் பார்த்தேன். எனக்கே சரியாக வரவில்லை.

கடைசியில் அவரே சொன்னார். “எழுதுங்கண்ணே. அந்த டீச்சரம்மாகிட்ட மட்டும் மொதல்ல சொல்லிருங்க. என்னால முடியாது.”

டீச்சரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முதலில் கேட்டது, தன் அப்பாவைப் பற்றி இல்லை.

“வருஷா வருஷம் சொல்வாராமா, அந்தப் போலீஸ்காரர்?”

“ஆமாம்மா.”

“எங்க அப்பா ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.” ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னார். “எழுதறப்போ அடிச்சார்னு எழுதுங்க சார். அதை மறைக்க வேண்டாம். ரெண்டாவது அடி அடிக்கலைன்னும் சேர்த்து எழுதுங்க.”

எழுதிவிட்டேன்.

சரி, அப்படியானால் கொடி பிடித்தவர் டீச்சரின் அப்பாதானே என்று கேட்பீர்கள். அவர்தான் என்று என் மனசு சொல்கிறது. ஆனால் அன்றைக்கு அந்தக் கரையில் எத்தனை மணிக்கட்டு உடைந்ததோ, யார் கண்டது? டீச்சரின் அம்மா சொன்னது, அத்தையின் அய்யா சொன்னது, ஒரு கை தொங்குவது — இதை எல்லாம் சேர்த்தால் நிரூபணம் ஆகுமா? நாலு நாளாகக் குழம்பிக்கொண்டிருக்கிறேன். போன முறை எனக்குக் குழப்பமே இல்லை. அதனால்தான் தப்பாக எழுதினேன்.

ஆகவே, முறைப்படி ஒரு திருத்தம்: படத்தில் கொடி பிடித்திருப்பவர் யார் என்பது எனக்கு உறுதியாகத் தெரியாது, தெரியும் என்று போன மாதம் எழுதியதற்கு வருந்துகிறேன்.