கலைமணிக்குப் போக வேண்டிய புத்தகம்

பேச்சி அக்கா எதைப் படித்தாலும் கழுத்தில் தொங்கும் கம்பெனி அடையாள அட்டையை எடுத்து, படிக்கிற வரிக்குக் கீழே வைத்துக்கொள்வார். வரி முடிந்ததும் அட்டை ஒரு வரி இறங்கும். எங்கள் வீட்டு வாடகை அறையில் அவர் இருந்த இத்தனை வருஷமும் இதைப் பார்த்திருக்கிறேன். வார இதழானாலும், போண்டா கட்டி வந்த தாளானாலும் அட்டை இறங்கிக்கொண்டே வரும். ஏன் என்று ஒருமுறை கேட்டேன்.

"கண்ணு முந்திக்கிட்டு கீழ ஓடிருதுட்டி. முடிவு தெரிஞ்ச பெறவு நான் எதுக்குப் படிக்க?" என்றார்.

இருங்காட்டுக்கோட்டையில் எங்கள் நிலம் தொழிற்பேட்டைக்குப் போனபின், மிச்சமிருந்த மனையில் அப்பா வரிசையாக அறைகள் கட்டினார். அந்த வாடகையில்தான் நான் பி.காம் படித்தேன். எங்கள் வீட்டில் முதல் பட்டம் என்னுடையது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

பேச்சி அக்கா சங்கரன்கோவில் பக்கம். பிளஸ் டூ முடித்ததும், போன் சர்க்யூட் போர்டுகளில் பாகங்கள் பொருத்தும் ஒரு கம்பெனிக்கு ஒப்பந்தத் தொழிலாளியாக வந்தார். அடுத்த வருஷம் பர்மனென்ட் என்று ஒவ்வொரு வருஷமும் சொல்வார்கள். தங்கை செல்வலட்சுமியையும் அதே கம்பெனியில் சேர்த்துவிட வேண்டும் என்று அவள் சான்றிதழ்களை ஒப்பந்தக்காரர் ஆபீஸில் கொடுத்து வைத்திருந்தார்.

பகலில் அறைகள் பூட்டியிருக்கும் என்பதால் எல்லாருக்கும் வரும் தபாலை அம்மாதான் வாங்கி வைப்பார். ஒரு மதியம் பழைய காலண்டர் தாள் சுற்றிய பார்சல் ஒன்று வந்தது.

"பேச்சி, உனுக்கு பார்சலு வந்துகீது. ஊர்லேருந்து முறுக்கா?" என்றார் அம்மா, அக்கா வந்ததும்.

"புஸ்தகம் சரோஜாக்கா."

"புக்கா? அத்த போயி காசு குடுத்து அனுப்புவாங்களா?"

அனுப்புகிறவர்கள் இருந்தார்கள். நாங்குநேரியில் வனமாமலை என்று ஒரு பெரியவர். பழைய பேப்பர் கடையில் அட்டையும் முதல் தாளும் இல்லாத ஒரு நாவலை எடுத்திருக்கிறார். பெயரும் தெரியாது, எழுதியவரும் தெரியாது. படித்துவிட்டு, வேண்டியவர்களுக்குத் தபாலில் அனுப்புவதாக ஒரு வாட்ஸப் குழுவில் போட்டார். அக்கா கண்ணில் அது பட்டது, பெயர் கொடுத்தார். குழு பிறகு கலைந்துவிட்டது. ஆளுக்கு ஆள் கைமாறி, ஊர் ஊராகப் போய், அவர் முறை வரச் சில வருஷங்கள் ஆகிவிட்டன. வந்து சேர்ந்தபோது புத்தகத்தின் முதுகைச் சாக்கு ஊசியால் தைத்திருந்தார்கள். மேட்டூர், அறந்தாங்கி, பழனி என்று தபால் முத்திரைகளை வெட்டி உள்ளே ஒட்டியிருந்தார்கள்.

முதல் பக்கத்தில் வனமாமலை கட்டுப்பாடுகளை எழுதியிருந்தார். படிக்கிறபோது தோன்றுவதை ஓரத்தில் எழுதலாம். முடிவைப் பற்றிக் கடைசித் தாள்களில் மட்டும். போன் நம்பர் வேண்டாம், விலாசம் போதும். வந்த உறையைக் கழற்றிவிட்டுப் புது உறை போட்டுத்தான் அடுத்தவருக்கு அனுப்ப வேண்டும். கடைசியில் ஒரு வரி: 'நிறுத்தி வைத்துக்கொள்பவரை நாம் யாரும் திட்ட வேண்டாம். அவருக்கே தெரியும்.'

அக்காவுக்கு அடுத்த முறை துறையூர் பக்கத்துக் கலைமணிக்கு. அவரிடமிருந்து முன்னதாகவே ஒரு கார்டு வந்துவிட்டது. 'நிதானமாகப் படியுங்கள், மறந்துவிடாதீர்கள். போன தடவை என் முறை வந்தபோது அம்மா ஆஸ்பத்திரியில். என்னைத் தாண்டி அனுப்பச் சொல்லிவிட்டேன். இப்போது அம்மா இல்லை. புத்தகமாவது வரட்டும்.'

அந்தக் கார்டை அக்கா சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தார். "இத்தன பேரு ஒழுங்கா அனுப்பிருக்காவ. என் கையில வந்து நின்னுரக் கூடாது," என்று அடிக்கடி சொன்னார்.

கதை ஒரு சுண்ணாம்பு சுடும் காளவாசலில் வேலை செய்யும் பெண்ணைப் பற்றியது. முதலாளி வீட்டுப் பித்தளைச் செம்பை அவள் எடுத்துவிட்டதாகப் பஞ்சாயத்தில் சொல்கிறார்கள். அவள் எடுக்கவில்லை. ஆனாலும் ஒரு வார்த்தை மறுக்காமல் ஊரைவிட்டுப் போய்விடுகிறாள். இந்த இடத்தில் ஓரமெல்லாம் ஒரே சண்டை. திருச்செந்தூர் பஸ் கண்டக்டர் ஜெபகுமார் ஊதா மையில் எழுதியிருந்தார்: 'நான் எடுக்கவில்லை என்று சொல்ல இவளுக்கு என்ன கேடு? கதை எழுதியவர் இவளை ஊமையாக்கிவிட்டார்.' அதற்குக் கீழே மேட்டூர்க்காரர் ஒருவர் பச்சையில்: 'சொன்னால் யார் நம்பியிருப்பார்கள், கண்டக்டர் சார்?'

அக்கா பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுதி, பிழை இருக்கிறதா என்று என்னைப் பார்க்கச் சொன்னார். 'நம்புகிறார்களோ இல்லையோ, சொல்ல வேண்டும். நான் சொல்லியிருப்பேன். பேச்சி, இருங்காட்டுக்கோட்டை. முடிவைப் படித்துவிட்டு ஜெபகுமார் அண்ணனுக்குக் கடைசித் தாளில் பதில் எழுதுகிறேன்.'

பிழை இல்லை. பட்டம் வாங்கும்வரை ஒரு நாவலைக்கூட முழுதாகப் படிக்காத நான் அதற்குமேல் என்ன சொல்ல?

நாவலை முடித்ததும் உறை போடும் வேலை வந்தது. மழைக்காலம். காலண்டர் தாள் தாங்காது என்று அக்கா ஒரு ரோஸ் நிற பிளாஸ்டிக் உறையை எடுத்தார். கம்பெனிக்கு போர்டுகள் அந்த உறையில்தான் வரும். போர்டை எடுத்ததும் உறை குப்பைக் கூடைக்குப் போகும். எங்கள் வரிசையில் அது இல்லாத அறை கிடையாது. கரண்ட் அட்டை, கேஸ் புத்தகம் எல்லாம் அதற்குள்தான் இருக்கும். எங்கள் வீட்டு டிவி ரிமோட்டுக்கும் ரோஸ் உறைதான், எப்போதோ குடியிருந்த ஒரு பெண் கொடுத்தது. அக்கா அதை வெட்டி, ஓரங்களை மெழுகுவத்தியில் காட்டி ஒட்டி, புத்தகத்துக்கு அளவாகச் சட்டை போட்டார். கலைமணியின் விலாசத்தை மேலே ஒட்டினார்.

மறுநாள் முதல் ஷிப்ட். முடிந்து வரும் வழியில் ஸ்ரீபெரும்புதூரில் இறங்கினால் தபாலாபீஸ் திறந்திருக்கும். ஜெபகுமாருக்கான பதிலைத் திரும்பும் பஸ்ஸில் எழுதிக்கொள்ளலாம் என்று உறையின் வாயை மட்டும் ஒட்டாமல் எடுத்துப் போனார்.

அந்தக் கம்பெனியில் எல்லாரும் உள்ளே இருப்பது தெரிகிற பைதான் கொண்டுபோக வேண்டும். சாப்பாட்டு டப்பா, தண்ணீர் பாட்டில், மாதவிலக்குத் துணி எல்லாம் வெளியே தெரியும். அன்று காலை கேட்டில் ரோஸ் உறையும் தெரிந்தது.

அக்கா வழக்கத்தைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார். கழுத்தில் அட்டை இல்லை.

"உள்ள இருக்க வேண்டிய கவர் வெளியேருந்து எப்படி வருதுன்னு கேக்காவ. குப்பையில கெடந்ததுன்னேன். அப்ப எடுத்தது உண்மைதானங்காவ," என்றார்.

"புக்கு எங்கக்கா?"

"வாங்கி வச்சுக்கிட்டாவ." அதைச் சொல்லும்போதுதான் குரல் உடைந்தது.

இரண்டு நாள் கழித்து ஒரகடம் கூட்டு ரோட்டில், ஒரு பேக்கரிக்கு மாடியில் இருக்கும் ஒப்பந்தக்காரர் ஆபீஸுக்குக் கூப்பிட்டார்கள். நானும் கூடப் போனேன். அங்கே சூப்பர்வைசர் டில்லிபாபு. எங்கள் ஊர்க்காரர், அப்பாவுக்குப் பழக்கம்.

"இன்னாமா சுகா, டிகிரி முட்ச்சிட்டு இங்க இன்னா பண்ற? வேலை கேக்க வந்தியா?" என்று சிரித்தார்.

"அக்காவோட வந்தேண்ணே. குப்பைல போற கவர்ணே அது. எங்க வூட்டு ரிமோட்டுக்கே அதான் போட்டுகினு இருக்கோம்."

"அத்த வெளிய சொல்லாத. உங்கம்மாவையும் தூக்கினு போவாங்க." மறுபடி சிரித்துவிட்டு, அக்கா பக்கம் ஒரு தாளைத் தள்ளினார். "சைன் போடும்மா, முடிச்சிக்கலாம்."

தாள் ஆங்கிலத்தில் இருந்தது. பழக்கத்தில் அக்காவின் கை அட்டையைத் தேடிக் கழுத்துக்குப் போய், வெறுமனே திரும்பியது. நான் வாங்கிப் படித்தேன்.

"அக்கா, கம்பெனிப் பொருளை எடுத்தேன்னு நீங்களே ஒத்துக்கிட்டு, நீங்களே வேலைய விட்டுப் போறதா இதுல இருக்கு."

அக்கா நிமிர்ந்தார். "நான் களவாங்கல சார்."

"யாரு இல்லன்னா? குப்பையும் கம்பெனிதும்மா. பர்மனென்ட் லிஸ்ட் வர்ற நேரம், நாலு பேரு கொறைஞ்சா அவங்களுக்கு நல்லது. நீயா போய் கவரு மாட்டிகினு நின்ன. இப்ப சைன் போட்டா மரியாதையா லெட்டர் குடுத்து அனுப்புவாங்க. போடலன்னா ஸ்டேஷன்ல கம்ப்ளைன்ட். அப்பால இந்த ரோட்டுல ஒரு கேட்டு உனுக்குத் தொறக்காது."

"போட மாட்டேன் சார்."

டில்லிபாபு கோபப்படவில்லை. மேஜை மேலிருந்த காகிதக் கட்டில் தேடி, ஒரு பிளாஸ்டிக் ஃபைலை உருவி முன்னால் வைத்தார். "செல்வலட்சுமின்றது உன் தங்கச்சிதான? அடுத்த பேட்ச்ல பேரு கீது. சேரட்டும்மா, சின்னப் பொண்ணு."

அக்கா அந்த ஃபைலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்.

"கையெழுத்துப் போட்டா புஸ்தகத்தக் குடுத்துருவியளா?"

"எந்த புஸ்தகம்?"

"கவருக்குள்ள இருக்கே. அது எனக்குள்ளது இல்ல சார். ஒரு ஆளுக்கு அனுப்பணும். விலாசம் மேலயே ஒட்டிருக்கு. கவர உரிச்சு நீங்களே வச்சுக்கிடுங்க. புஸ்தகத்த மட்டும் தாங்க."

"அத்த அப்டியே போட்டோ புட்ச்சி மேல அனுப்ட்டாங்கமா. பிரிச்சா நான் மாட்டுவேன். அது எவிடென்ஸு." ஜன்னலோரம் இரும்பு பீரோ மேல் கையைக் காட்டினார். புத்தகம் அங்கே இருந்தது. எட்டி எடுத்துவிடலாம் போல்தான் இருந்தது. "கதை புக்குதான? கடைல வேற வாங்கி அனுப்பேன்."

அக்கா பேனாவை எடுத்தார். கையெழுத்துப் போட்டார். புத்தக ஓரத்துச் சண்டையில் சேர்ந்தபோது கீழே எழுதிய அதே 'பேச்சி', அதே சாய்ந்த எழுத்து. இந்த முறை ஊர்ப் பெயர் மட்டும் இல்லை.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றபோது, "காளவாசல்காரியும் இப்படித்தான் எதையோ பாத்துருப்பா போல. அத எழுதாம விட்டுட்டாவ," என்றார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "விடுட்டி," என்றார்.

அன்று மாலை கம்பெனிக்கு ஆங்கிலத்தில் ஒரு மின்னஞ்சல் எழுதினேன். புத்தகம் கம்பெனிப் பொருள் அல்ல, திருப்பித் தர வேண்டும் என்று, இலக்கணம் பார்த்து, மரியாதையாக. கல்லூரியில் கற்றுக்கொண்டதை முதல்முதலாக இன்னொருவருக்காகப் பயன்படுத்தினேன். பதில் வரவில்லை. என் எழுத்து சரியில்லையா, அல்லது என் படிப்பே யாரும் படிக்காத மின்னஞ்சல்களை எழுதத்தானா என்று தெரியவில்லை.

அக்கா அறையைக் காலி செய்தபோது கலைமணியின் கார்டை மட்டும் பையில் வைத்துக்கொண்டார். "அந்த அக்காவுக்கு நான் எழுதட்டுமா?" என்று கேட்டேன்.

"வேண்டாம். என்னத்தன்னு எழுதுவ? களவுக் கேசுல புஸ்தகம் மாட்டிக்கிட்டுன்னா? நானே எழுதுதேன். நீ எழுதிராத." ஊரில் செல்வலட்சுமியிடமும் எதையும் சொல்லப்போவதில்லை என்றார். சொன்னால் அவள் வரமாட்டாளாம்.

செல்வலட்சுமி வந்துவிட்டாள். அதே கம்பெனி, வேறு ஹாஸ்டல். ஒருநாள் எங்களைப் பார்க்க வந்தவள், அக்காவுக்கு இங்கத்தித் தண்ணி ஒத்துக்கொள்ளவில்லையாமே என்று என் அம்மாவிடம் கேட்டாள். அம்மா ஆமாம் என்றார். அக்காவின் பழைய நம்பர் இப்போது வேலை செய்வதில்லை. புதிய நம்பரைத் தங்கையிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

போன மாதம் அதே மாடிக்கு நான் மறுபடி ஏறினேன், இந்த முறை என் பயோடேட்டாவோடு. வேறு எங்கும் கிடைக்கவில்லை. டில்லிபாபு பார்த்துவிட்டு, "அப்பவே சொன்னேன்ல, வேலை கேக்கத்தான் வருவேன்னு," என்றார். பீரோ மேலிருந்த ஃபைல்கள் எல்லாம் கூரை ஒழுகி நனைந்து, உப்பிப் போயிருந்தன. நடுவில் ரோஸ் உறை, வாயைக் கம்பெனி டேப் போட்டு ஒட்டியிருந்தார்கள். விலாசச் சீட்டின் மை கலங்கி ஓடியிருந்தது. உள்ளே ஒரு சொட்டு இறங்கியிருக்காது, அப்படி ஒட்டியிருந்தார் அக்கா.

"அத்த எடுத்துக்கட்டுமாண்ணே? இன்னும் கேஸு கீதா?"

"கேஸெல்லாம் எப்பவோ முடிஞ்சிச்சி. ஆனா எடுத்துக்கோன்னு எவனும் சொல்லலியே. கம்பெனிலேருந்து ஒரு வார்த்தை வரட்டும்." பயோடேட்டாவை மடித்து மேஜை இழுப்பறையில் போட்டார். "உனுக்கும் அதேதாம்மா. சொல்லி அனுப்புறேன்."

வீட்டுக்கு வந்தபோது அம்மா ஒரு கார்டை நீட்டினார். அக்கா போனபின் கலைமணியிடமிருந்து அவர் பெயருக்கு வரும் மூன்றாவது கார்டு. முதல் கார்டில், உடம்புக்கு ஒன்றுமில்லையே என்று விசாரித்திருந்தார். இரண்டாவதில், ஒருவேளை தபாலில் தொலைந்ததா என்று கேட்டிருந்தார். இதில் இரண்டே வரி.

'பிடித்துப்போய் நீங்களே வைத்துக்கொண்டீர்கள் என்று புரிந்துகொண்டேன். திருடி என்று எழுதக் கை வந்தது, வனமாமலை ஐயா சொன்னதற்காக எழுதவில்லை.'

அக்கா தானே எழுதுவதாகச் சொன்னார். இன்னும் எழுதவில்லை என்பது இந்தக் கார்டிலிருந்தே தெரிகிறது. கலைமணிக்குப் போக வேண்டிய புத்தகமும், ஜெபகுமாருக்குத் தருவதாகச் சொன்ன பதிலுக்கு விட்ட வெற்றுத் தாளும் ஒரகடத்தில், பேக்கரி மாடியில், நனையாமல் இருக்கின்றன.