சத்தம் நின்றது, புகை வந்தது

இட ஒதுக்கீடு கேட்டு ஊரெங்கும் மறியல் நடந்துகொண்டிருந்த சமயம். எங்கள் பழைய காரில் ஏ.சி.யைப் போட்டாலே கடகடவென்று சத்தம் வரும். கள்ளக்குறிச்சியில் மெக்கானிக்கிடம் விடலாம் என்றேன். என் கணவர் கேட்கவில்லை.

"இது இன்னா பெரிய வேல? நானே பாத்துக்கிறேன், நீ கம்முனு இரு."

ஞாயிறு முழுக்க டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டு கிடந்தார். ஏ.சி.யின் காற்றாடியைக் கழற்றி, சிக்கியிருந்த வேப்பஞ்சருகுகளை எடுத்துத் துடைத்து மாட்டினார். சத்தம் நின்றது. அதற்கு அவர் அடித்துக்கொண்ட பெருமையைத்தான் தாங்க முடியவில்லை.

மறுநாள் நாலு வயது மகளோடு கச்சிராயபாளையம் போகும் வழியில் மறியலில் மாட்டிக்கொண்டோம். வெயிலுக்குக் கண்ணாடிகளை ஏற்றி ஏ.சி.யை ஓடவிட்டிருந்தார். திடீரென்று கருகல் நாற்றம் வந்தது. டேஷ்போர்டிலிருந்து புகை கிளம்பியது. மகளை இழுத்து அணைத்துக்கொண்டு தேடியதில் கதவின் பிடி எனக்கு அகப்படவே இல்லை. சாலையில் உட்கார்ந்திருந்த ஒருவர் ஓடிவந்து வெளியிலிருந்து திறந்தார்.

"புள்ளைய தூக்கிக்கினு எறங்குங்கம்மா!"

என் கணவர் பானெட்டைத் திறந்துவிட, இன்னொருவர் பேட்டரி ஒயரைப் பிடுங்கிப் போட்டார். புகை அடங்கியது.

பிறகு பிரித்துப் பார்த்தால், துடைத்த துணியை இவர் உள்ளேயே மறந்திருக்கிறார்! அது காற்றாடியில் சுற்றி, மோட்டார் சூடேறிக் கருகியிருந்தது. "சத்தம் நின்னுச்சா இல்லையா?" என்று அப்போதும் கேட்கிறார்.

இப்போது கார் வேலை எதுவானாலும் சாவியை வாங்கிக்கொண்டு நானே மெக்கானிக்கிடம் போய்விடுகிறேன். வீட்டில் அவர் மிக்சியைக் கழற்றினால்கூட, திருகு முதல் துணி வரை எல்லாம் வெளியே வந்ததைப் பார்த்த பிறகுதான் மூடவிடுகிறேன்.

— ஒரு வாசகி, ரிஷிவந்தியம்