கனி மைனி நிறுத்திய லாரி

சாகுபுரம் ஆலை வாசலில் எடைபோடும் வரிசையில் என் வண்டி நின்றுகொண்டிருந்தபோது நம்மோடு லாரி ஓட்டுகிற சேவியர் போன் செய்தான். "கனி மைனி போயிட்டாவ" என்றான். எனக்கு உறைக்கவில்லை. "எந்த ஊருக்கு?" என்று கேட்டுவிட்டேன். மறுமுனையில் அவன் அழுகிற சத்தம் கேட்டது. முன்னால் நின்ற வண்டி நகர்ந்துவிட்டது. பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். எனக்குக் கியர் போட வரவில்லை.

நம் லாரி ஸ்டாண்டில் செல்லக்கனி மைனியைத் தெரியாதவர் இல்லை. தங்கப்பழம் அண்ணாச்சியின் மனைவி; அதனால் நமக்கெல்லாம் அண்ணி முறை, மைனி. ஒரே ஒரு லாரியை வாங்கி, அதைத் தானே ஓட்டிப் பிழைக்கிற நம்மைப் போன்றவர்தான் அண்ணாச்சியும். அவருக்குக் கிளீனராகப் பக்கத்துச் சீட்டில் ஏறி உட்கார்ந்தவர் மைனி. மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு, ஐம்பதை நெருங்குகிற வயதில் ஏறினார்.

அவர் ஏறியதற்குக் காரணமான நாளில் நான் கூட இருந்தேன். உப்பு ஏற்றிக்கொண்டு போன அண்ணாச்சியின் வண்டி விருதுநகருக்கு அந்தப் பக்கம் எஞ்சின் சூடாகி நின்றுவிட்டது. இரண்டு நாளாகியும் சரியாகவில்லை. நடுவில் மழை பிடித்துக்கொண்டது. நான் அந்த வழியாகப் போகிறேன் என்று தெரிந்து, மைனி தூக்குவாளியில் சோற்றோடு என் வண்டியில் வந்தார். போய்ப் பார்த்தால் தார்ப்பாய் கிழிந்து, உப்பு கரைந்து, பலகை இடுக்கு வழியாகத் தண்ணீராய் வடிந்துகொண்டிருந்தது. அண்ணாச்சி ரோட்டோரக் கல்லில் நனைந்தபடி உட்கார்ந்திருந்தார். மைனி கூப்பிட்டும் தலை தூக்கவில்லை.

மைனி நேராக மெக்கானிக்கிடம் போனார். "என்ன போச்சு?" என்று கேட்டார்.

"ரேடியேட்டர் ஹோஸ் வெடிச்சிட்டும்மா. தண்ணியெல்லாம் போயி எஞ்சின் அடிவாங்கிட்டு."

"முன்னாலயே தெரிஞ்சிருக்காதா?"

"ரப்பர் ஊதிப் போயி எவ்வளவோ நாளாச்சே. கையால அமுக்கிப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

"கையால அமுக்கிப் பாத்தாவா? இவ்ளோதானா?" என்றார் மைனி. அந்தக் குரல் எனக்கு இன்னும் கேட்கிறது. வண்டி சரியாகி ஸ்டாண்டுக்கு வந்ததும், அடுத்த நடைக்கு அவரும் ஏறிவிட்டார்.

அதன்பிறகு அந்த வண்டியில் அவர் கை படாத இடம் கிடையாது. புறப்படுமுன் ஹோஸையும் பெல்ட்டையும் அமுக்கிப் பார்ப்பார். பிரேக்குக்கான காற்று டேங்கில் தேங்கிய தண்ணீரைத் திறந்துவிடுவார். டீக்கடையில் நிறுத்தினால், நாமெல்லாம் கிளாசைக் கையில் எடுத்திருப்போம். அவர் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு சுடுகிறதா என்று ஒவ்வொரு சக்கரமாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வருவார். "என்ன மைனி, லாரிக்குக் காய்ச்சலா?" என்று சேவியர் ஒருமுறை கேட்டான். "காய்ச்சல் வந்தா நீயா தூக்கிச் சுமப்ப? டீயக் குடில பேசாம" என்றார். கடையே சிரித்தது, சேவியரும்தான்.

எல்லாம் சிரிப்பாகவே போய்விடவில்லை. ஒரு தடவை கப்பலுக்குப் போகவேண்டிய மிளகாய் வத்தலோடு அவர்கள் முன்னாலும் நான் பின்னாலுமாக வந்துகொண்டிருந்தோம். ஓட்டப்பிடாரம் விலக்குக்கு முன்னால் டீ குடிக்க நிறுத்தினோம். பின்சக்கரம் ஒன்றைத் தொட்ட மைனி சூடு தாங்காமல் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். பிறகு வண்டியில் ஏறிச் சாவியை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார்.

"ஏளா, இன்னா இருக்கு துறைமுகம். சாயங்காலத்துக்குள்ள சரக்கு போகலன்னா கப்பல் போயிரும். சாவியக் குடு" என்றார் அண்ணாச்சி.

"வழியில பள்ளிக்கூடம் விடுத நேரம். பேரிங் போயி சக்கரம் கழண்டு ஓடுச்சுன்னா? நான் தரமாட்டேன்."

சரக்கு ஏற்றிவிட்ட ஏஜென்ட் போனில் கத்தினார். அண்ணாச்சியும் கத்தினார். மைனி சாவியை இறுகப் பிடித்துக்கொண்டு புளியமரத்தடியில் நின்றார். மெக்கானிக் வந்து சக்கரத்தைக் கழற்றும்போது வெயில் தாழ்ந்துவிட்டது. பேரிங் நன்றாகத்தான் இருந்தது. "பிரேக் லேசாப் பிடிச்சிருக்கு. மெதுவா உருட்டிட்டே போயிருக்கலாம்" என்றார் அவர். கப்பல் போய்விட்டது. அந்த ஏஜென்ட் பிறகு அண்ணாச்சிக்குச் சரக்கே கொடுக்கவில்லை. ஸ்டாண்டில் கேலி பேசாத ஆள் இல்லை. அண்ணாச்சி பல நாள் மைனியிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மைனி தனியாக நின்று அழுததை நான் பார்த்தேன். ஆனாலும், "மறுபடியும் அப்படிச் சுட்டா மறுபடியும் நிப்பாட்டத்தான் செய்வேன்" என்றார்.

அவர் செய்தது சரியா, தப்பா என்று நாம் நிறையப் பேசியிருக்கிறோம். எனக்கு இன்றைக்கும் விடை தெரியாது. ஒன்று மட்டும் தெரியும். மைனி ஏறிய பிறகு அண்ணாச்சி ரோட்டோரக் கல்லில் உட்காரவே இல்லை.

துக்க வீட்டில் யாரோ ஒருவர், "லாரியைப் பாத்த அளவுக்கு ஒடம்பப் பாக்காம விட்டுட்டாவ" என்றார். மைனியின் மகளுக்குக் கோபம் வந்துவிட்டது. "எங்கம்மா தவறாம ஆஸ்பத்திரிக்குப் போனா. வேளாவேளைக்கு மாத்திரை சாப்பிட்டா. எல்லாம் பாத்துத்தான் இருந்தா. பாத்தும் போயிட்டா" என்றாள். அண்ணாச்சி சுவரில் சாய்ந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கருமாதி முடிந்தும் அவர் வெளியூர்ச் சரக்கு எடுக்கவில்லை. உப்பளத்துக்கும் துறைமுகத்துக்கும் மட்டும் ஓட்டுகிறார். "தூரம் போவ முடியலடே. பக்கத்துச் சீட்டப் பாக்க முடியல" என்று என்னிடம் சொன்னார்.

கப்பல் தவறிய அந்த நாட்களில் நான் மைனியிடம் கேட்டிருக்கிறேன். "அண்ணாச்சி பேசவே இல்ல. எதுக்கு மைனி இன்னும் வண்டியில ஏறுதிய? வீட்டுல இருக்கலாம்லா?" சக்கரத்துக்குக் கிரீஸ் வைத்துக்கொண்டிருந்த அவர் திரும்பாமலே பதில் சொன்னார். "வண்டி நின்னுபோனா அவரு எப்படி உக்காந்திருப்பாருன்னு கண்ணால பாத்துட்டேன். அதுக்குப் பெறவு வீட்டுல எனக்கு எப்படி உக்காரத் தோணும்?"

மைனியிடமிருந்து எனக்கென்று எடுத்துக்கொண்டது இந்தப் பேச்சைத்தான். இதைப் படிக்கிற ஸ்டாண்டுக்காரர்களுக்குச் சொல்கிறேன். சரக்கு இல்லாத நாளில் நம்மில் ஒருவர் அண்ணாச்சியின் பக்கத்தில் ஏறிக்கொள்வோம். பேச வேண்டும் என்றில்லை. நாளைக்கு எனக்குச் சரக்கு இல்லை, நான் போகிறேன்.