உள்பக்கம் திருப்பித் தைத்த சின்னங்கள்

பிரிஞ்சாங் என்ற மலை ஊருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கிரகரி கணக்கு எழுதும் கிராணியாக இருந்தார். ஈப்போவில் படித்த நாளில் சாரணராக இருந்தவர். சாரணர்கள் சட்டையில் தைக்கும் துணிச் சின்னங்களைச் சேர்ப்பதில் அவருக்குப் பைத்தியம். பினாங்கு, கொழும்பு என்று தபால் வழியே கூட்டாளிகள். தம்மிடம் கூடுதலாக இருப்பதை அனுப்பி, இல்லாததை வாங்குவார். ஒரு பிஸ்கட் டின் நிறையச் சேர்ந்திருந்தது.

ஜப்பானியர் வந்ததும் வெள்ளைக்கார துரை போய்விட்டார். தேயிலையை வாங்க ஆளில்லை, மரவள்ளி நட்டார்கள். வெள்ளைக்காரன் முத்திரை எது கிடைத்தாலும் உதை என்று பேச்சு.

"ஏங்க, அந்த டின்ன அடுப்புல போட்டுடுங்க" என்றாள் மனைவி லூர்தம்மாள்.

"நாளைக்குப் பாக்கலாம்" என்றார். போடவேயில்லை.

மறு வருஷம் கடைகளில் துணியே இல்லை. தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்திலிருந்து அம்மாக்கண்ணு, புருஷன் கந்தனின் சட்டையோடு வந்தாள். தோள் கிழிந்து தொங்கியது.

"ஒட்டுப்போட ஒரு துண்டு இருக்காம்மா? குளிர்ல நடுங்குறாரு."

லூர்தம்மாள் கணவரைப் பார்த்தாள். கிரகரி கொழும்பிலிருந்து வந்த பெரிய கம்பளிச் சின்னத்தை எடுத்துக் கொடுத்தார். அவரிடம் இருந்ததிலேயே நல்லது அதுதான்.

"படம் உள்ளே போற மாதிரி தைச்சிடு" என்றார் மனைவியிடம்.

பிறகு மற்றவர்களும் ஒட்டுக் கேட்டு வந்தார்கள். கீரையோ மரவள்ளியோ கொண்டுவந்து நீட்டினார்கள். லூர்தம்மாள் மறுத்தபோது, "வாங்கிக்க. மாத்திக்கிறதுதானே நம்ம பழக்கம்" என்றார் கிரகரி.

ஒரு நாள் காலை ஆட்களைக் கூட்டிப் பேர் கூப்பிடும் பெரட்டில் ஜப்பானிய அதிகாரி கந்தனின் தோளைப் பிடித்து, ஒட்டை விரலால் தடவினார். கிரகரி பக்கத்தில் போய் நின்றார்.

"யார் தைச்சதுன்னு கேக்குறாரு" என்றார் மொழிபெயர்ப்பாளர்.

"என் சம்சாரம்" என்றார் கிரகரி.

அன்று மாலையே அதிகாரியின் கிழிந்த சட்டைகள் கிரகரி வீட்டுக்கு வந்தன. ஜப்பானியர் சரணடையும் வரை லூர்தம்மாள்தான் அவற்றைத் தைத்துக் கொடுத்தாள்.

இதற்கிடையில் ஜப்பானியர் கந்தனைச் சயாமில் ரயில் பாதை போடும் வேலைக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். அந்தச் சட்டையோடுதான் போனார். திரும்பவில்லை.

சண்டை முடிந்ததும் சிலர் சின்னங்களைப் பிரித்துக் கொண்டுவந்தார்கள். உள்பக்கம் இருந்ததால் படங்களின் நிறம் அதிகம் மங்கவில்லை. அம்மாக்கண்ணு வெறுங்கையோடு வந்தாள்.

"அய்யா, உங்க சாமான் அவரோடயே போயிடுச்சு."

"அது அவருக்குக் குடுத்ததும்மா. நான் கேக்கவே இல்லையே."

அவள் அழுது முடிக்கும்வரை கிரகரியும் லூர்தம்மாளும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். மறுநாள் கிரகரி அவளுக்குக் களையெடுக்கும் வேலை போட்டுக் கொடுத்தார். தபால் ஓடத் தொடங்கியதும் பினாங்குக் கூட்டாளிக்குச் சின்னம் கேட்டு எழுதினார். லூர்தம்மாள் ஈப்போவில் தையல் மெஷின் ஒன்று வாங்கி, தோட்டத்துக்கே தைக்க ஆரம்பித்தாள்.