பேர் சொல்லி விளித்த ஏலம்

எங்கள் தையல் குழுவில் ஏழு பெண்கள். குழித்துறைப் பக்கம் ஒரு வாடகை அறையில், துவைத்துப் பயன்படுத்தும் மாதவிடாய்த் துணிகள் தைக்கிறோம். முதல் கட்டு தயாரானபோது உறையில் என்ன எழுதுவது என்று சண்டை வந்தது. எங்களில் மூத்தவள் தன் அம்மாவின் டிரங்குப் பெட்டியிலிருந்து ஒரு பழைய வாரப் பத்திரிகையைக் கொண்டுவந்து, அதிலிருந்த நாப்கின் விளம்பரத்தை விரித்துக் காட்டினாள். "இது மாதிரி நாசூக்கா எழுதுவோம் மக்கா" என்றாள்.

அந்த விளம்பரத்தை மூன்று முறை படித்தேன். வெள்ளைச் சேலையில் ஒரு பெண் சிரிக்கிறாள். அந்த நாட்களிலும் கவலையில்லையாம். எந்த நாட்கள்? தீபாவளியா, பரீட்சையா? பக்கம் முழுக்கத் தேடினாலும் ரத்தம் என்ற சொல் இல்லை. வெளியே தெரியாத உறையில் தபாலில் அனுப்புவார்கள் என்பதுதான் கடைசி வரியில் அவர்களுடைய பெருமை. பின்னால் வந்த டிவி விளம்பரங்கள் மட்டும் என்ன வாழ்ந்தது? நீல மையை ஊற்றிக் காட்டின. யாருக்கு நீலமாக வந்தது? பதின்மூன்று வயதில், மருந்துக்கடைக்காரர் செய்தித்தாளில் சுற்றி, கறுப்புக் கவரில் போட்டு, முகம் பார்க்காமல் நீட்டியதை, எதையோ திருடியவள்போலத் தலைகுனிந்து வாங்கியிருக்கிறேன். அப்படிக் குனியவைத்ததில் இந்த வெள்ளைச் சேலைக்காரிக்கும் பங்குண்டு. பத்திரிகையை மடித்துக் கொடுத்துவிட்டு, உறையில் பெரிய எழுத்தில் 'மாதவிடாய்த் துணி' என்றே எழுதினேன்.

அந்த ஞாயிறு எங்கள் சபையின் தேவாலயத்தில் அறுப்பின் பண்டிகை. முதல் விளைச்சலைக் காணிக்கையாக வைப்பதும், ஆராதனை முடிந்ததும் அதை ஏலம் விடுவதும் எங்கள் வழக்கம். நிலமில்லாத எங்களுக்கு விளைச்சல் இதுதானே. மரச்சீனிக் கிழங்குக்கும் செவ்வாழைக் குலைக்கும் நடுவே எங்கள் முதல் கட்டை வைத்தேன்.

ஏலம் விளித்தவர் ஓய்வுபெற்ற ஆசிரியர்; எனக்கும் பாடம் எடுத்தவர். கட்டைக் கையில் எடுத்தார், எழுத்தைப் பார்த்தார், மேஜையில் கிடந்த செய்தித்தாளில் அவசரமாகச் சுருட்டினார். "ஒரு பொதி" என்றார் மைக்கில். உள்ளே அல்வா என்று நினைத்தார்களோ என்னவோ, ஆண்கள் பக்கமிருந்து ஐம்பது, எண்பது, நூறு என்று ஏறியது.

நான் எழுந்துவிட்டேன். "சாரே, அது மாதவிடாய்த் துணி. மத்ததெல்லாம் பேர் சொல்லித்தானே விளிச்சிய. இதையும் பேர் சொல்லி விளியுங்க."

"மக்கா, இது கோயிலாக்கும்."

"காணிக்கைன்னு வாங்கி வச்சாச்சுல்லா சாரே. பின்ன பேரைச் சொல்லதுக்கு என்ன?"

நூறு சொன்னவர் மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார். சார் மைக்கைத் தள்ளிப் பிடித்து முணுமுணுத்தார், "மாதவிடாய்த் துணி, நூறு ரூவா, ஒரு தரம், ரெண்டு தரம்..." சட்டென்று முடித்துவிடப் பார்க்கிறார் என்று புரிந்தது.

"நூத்திப்பத்து" என்றேன்.

விலை ஏறினால் பொருளின் பேரைத் திரும்பச் சொல்லியாக வேண்டும். ஏலத்தின் முறை அது. எங்கள் மூத்தவளுக்கு அது உடனே பிடிபட்டது. "நூத்தி இருவது" என்றாள். பிறகு குழுவே மாறி மாறி ஏற்றியது. கடைசி பெஞ்சிலிருந்து, எங்கள் குழுவிலேயே இல்லாத ஒருத்தி, இடுப்பில் குழந்தையோடு எழுந்து, "இருநூறு" என்றாள்.

ஒவ்வொரு விலைக்கும் சார் பேர் சொன்னார். ஒலிபெருக்கி அதை ஜங்ஷன் வரைக்கும் கொண்டுபோனது. முதல் தடவை முணுமுணுத்தவர், ஒன்பதாவது தடவை பூசணிக்காய்க்குச் சொல்கிற குரலிலேயே சொன்னார்.