டாக்டர் முன்னால் அழகாக நடந்தேன்

தொண்ணூறுகளின் நடுவில், ஒரு ஆடி மாதத்தில் நடந்தது இது. அப்போது நானும் அம்மாவும் போத்தனூரில் ஒரு லைன் வீட்டில் வாடகைக்கு இருந்தோம். மூன்று வயதில் வந்த போலியோவில் எனக்கு இடது கால் சூம்பிப் போய்விட்டது. இப்போது மாற்றுத்திறனாளி என்று மரியாதையாகச் சொல்கிறார்கள். அன்றைக்கு அரசாங்கக் காகிதத்திலேயே ஊனமுற்றோர்தான். தெருவில் அதைவிடச் சுருக்கமாக ஒரு பெயர் இருந்தது, அதை இங்கே எழுத வேண்டாம்.

அப்பா இறந்த பிறகு பெருந்துறையில் கம்பெனி வேலையிலிருந்த அண்ணன்தான் எங்களைப் பார்த்துக்கொண்டார். அவருக்கும் குடும்பம், குழந்தைகள். அண்ணி ஒருநாளும் வாய் திறந்து ஒன்றும் சொன்னதில்லை. சொல்லாமலே புரிந்துகொள்ளும் வயது எனக்கும் ஆகியிருந்தது, முப்பத்திரண்டு.

வெளியூருக்கு போன் பேச ஊரெல்லாம் எஸ்.டி.டி. பூத் வந்துகொண்டிருந்த காலம் அது. ஊனமுற்றவர்களுக்கு பூத் ஒதுக்குவதில் முன்னுரிமை கொடுத்தார்கள். ஸ்டேஷன் ரோட்டில் ஒரு கடை மூலையைக்கூடப் பேசி வைத்துவிட்டோம். உட்கார்ந்த இடத்தில் செய்கிற தொழில், எனக்கென்றே யாரோ கண்டுபிடித்த மாதிரி இருந்தது. வேண்டியது ஒன்றே ஒன்றுதான். நாற்பது சதவீதத்துக்குக் குறையாத ஊனம் என்று டாக்டர்கள் தருகிற சான்றிதழ். அந்த மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் பூத் வேறொருவருக்குப் போய்விடும். பிறகு கடைசிவரை அண்ணன் கையைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருக்க வேண்டும்.

கோயமுத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் முகாம் போட்டிருந்தார்கள். ஆடி மாதம், மண்டபம் சும்மாதானே கிடக்கும்! அம்மா எனக்கு நல்ல சேலையாக எடுத்துக் கொடுத்து, தலைவாரி, கனகாம்பரம் வைத்துவிட்டார். நாலு பெரிய மனிதர்கள் இருக்கிற இடத்துக்குப் போகும்போது நறுவிசாகப் போக வேண்டும் என்பது அவருடைய சட்டம்.

மண்டப வாசலில் திருவிழாக் கூட்டம். தம்பியைத் தூக்கிக்கொண்டு வந்திருந்த ஒருவர் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு, நன்றாக நடமாடுகிறவர்களெல்லாம் போலி சான்றிதழ் வாங்கிச் சலுகையை அனுபவிக்கிறார்கள் என்று சத்தமாகப் படித்தார். உடனே வரிசையில் விவாதம் சூடு பிடித்தது. எல்லாவற்றையும் சும்மா கொடுத்தால் ஜனங்கள் சோம்பேறியாகிவிடுவார்கள் என்றார் துணைக்கு வந்திருந்த ஒரு பெரியவர். "போலிக்காரனப் புடிக்கட்டுமுங்க, வேண்டாங்கல. அதுக்காக ஒரு காலு இல்லாதவன இன்னொரு காலயும் காட்டச் சொன்னா எப்பிடீங்க?" என்று ஒருவர் கேட்டதும் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்தேன். எனக்கென்ன பயம்? காலைப் பார்த்தாலே தெரியப்போகிறது என்று நினைத்தேன்.

எனக்கு முன்னால் போனவர்களைவிட எனக்குப் பின்னால் நின்ற பெண்ணைத்தான் நன்றாக ஞாபகம் இருக்கிறது. உக்கடத்துக்காரர், என் வயதுதான் இருக்கும், முக்காடு போட்டு, இரண்டு கக்கத்திலும் கட்டை வைத்திருந்தார். நான் சுவரைப் பிடித்துப் பிடித்து நகர்வதைப் பார்த்துவிட்டு, தன் ஸ்டூலை என் பக்கம் தள்ளி, "உக்காருங்க்கா, எனக்குக் கட்டை இருக்குதுல்ல" என்றார்.

என் முறை வந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனால், வழவழவென்று மொசைக் தரை. எதிரே வரிசையாக நாற்காலி போட்டு ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்த டாக்டர் நிமிர்ந்து பார்த்து, "கொஞ்சம் நடந்து காட்டும்மா" என்றார்.

இங்கேதான் கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டும். பத்தொன்பது வயதிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்திருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் முந்தின நாளே அம்மா எனக்கு ஒத்திகை வைப்பார். சேலையைத் தரை தொடக் கட்ட வேண்டும். குட்டையான காலை நுனிவிரலில் ஊன்ற வேண்டும். முட்டி மடங்காமலிருக்கத் தொடையை அழுத்திக்கொள்கிற கை முந்தானைக்குள் மறைந்திருக்க வேண்டும். மெதுவாக, தலை குனிந்து, சிரித்த முகமாக, காபித் தட்டோடு சமையலறையிலிருந்து ஹால் வரைக்கும். அந்தப் பத்தடியை நான் நடந்தால் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அப்புறம் தரகர் விஷயத்தைச் சொல்லுவார், வந்தவர்கள் பலகாரத்தைச் சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அது வேறு.

வரிசையாக ஆண்கள் உட்கார்ந்து பார்க்கிறார்கள், நடந்து காட்டு என்கிறார்கள். என் உடம்புக்குத் தெரிந்தது ஒன்றுதான். தட்டு மட்டும்தான் கையில் இல்லை. அன்றைக்கு நடந்த மாதிரி அவ்வளவு அழகாக எந்த மாப்பிள்ளை முன்னாலும் நான் நடந்ததில்லை.

டாக்டர் கேள்வி கேட்டார். வலி இருக்கிறதா? "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்றேன். படி ஏறுவீர்களா? "ஏறுவேனுங்க." கேட்டால் அப்படித்தானே சொல்லிப் பழக்கம்? போதாததற்கு அம்மா முன்னால் வந்து, "ஊட்டு வேல பூராம் இவதானுங்க பாக்குறா. ஒரு கொறையும் சொல்ல முடியாதுங்க" என்று பெருமையாகச் சொன்னார். அத்தனை கூட்டத்தில், அத்தனை ஆண்கள் இருக்கும்போது, சேலையை விலக்கிக் காலைக் காட்டச் சொல்ல டாக்டருக்கும் தயக்கமாக இருந்திருக்கும். முட்டியைத் துணிக்கு மேலாகத் தொட்டுப் பார்த்துவிட்டு எழுதிவிட்டார்.

வெளியே வந்து அங்கிருந்த கிளார்க்கிடம் காட்டினோம். "முப்பதுதான் போட்டிருக்குது. நாப்பது இருந்தாத்தான் பூத்துக்கு ஆகும். அடுத்த முகாம்ல பாருங்க" என்றார். அடுத்த முகாம் எப்போது என்று கேட்டால் அவருக்கே தெரியவில்லை.

அம்மாவுக்கு முதலில் புரியவேயில்லை. "நல்லாத்தானே நடந்தே கண்ணு?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அம்மாவைக் கடித்துக் குதறிவிடலாம் போலிருந்தது. தலையிலிருந்த பூவைப் பிடுங்கிப் போட்டேன்.

கட்டை வைத்திருந்த பெண் கதவோரம் நின்று எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். அடுத்த டோக்கன் அவருடையது. கிட்டே வந்து, "ஏனுங்க்கா, உள்ள என்ன பொண்ணு பாக்கவா வந்திருக்காங்க? இங்க செவுத்தப் புடிச்சு நடந்த மாதிரி அங்க நடக்க வேண்டியதுதானே?" என்று அதட்டினார். நான் அழுதேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "வாங்க, என்ர டோக்கன்ல நீங்க போங்க. நான் கடேசில நின்னுக்கறேன்" என்று தள்ளாத குறையாக என்னை உள்ளே அனுப்பினார்.

இந்த முறை நான் நடக்கிற மாதிரியே நடந்தேன். தொடையில் கையை அழுத்தி, ஒவ்வொரு எட்டுக்கும் உடம்பு ஒரு பக்கம் சாய. மூன்றாவது எட்டில் மொசைக் வழுக்கி மேஜையைப் பிடித்துக்கொண்டேன்.

டாக்டருக்குக் கோபம் வந்துவிட்டது. அவரைக் குறை சொல்ல மாட்டேன், பேப்பரில் வந்ததையெல்லாம் அவரும்தானே படித்திருப்பார்? "என்னம்மா இது, அப்ப நல்லா நடந்தீங்க, முப்பதுன்னதும் இப்படி வர்றீங்க? நடிக்கிறீங்களா?" என்றார். உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். போலி என்று எழுதி வைத்துவிட்டால் அதோடு முடிந்தது, இனி எந்த முகாமும் இல்லை.

அப்போதுதான், என் பின்னாலேயே உள்ளே வந்திருந்த அம்மா பேசினார். கும்பிட்ட கையைக் கீழே இறக்காமலே பேசினார்.

"இப்ப நடிக்கலீங்க சாமி. மொதல்ல நடந்தாளே, அதுதானுங்க நடிப்பு. நாந்தான் பழக்கி உட்டேனுங்க. மாப்ள ஊட்டுக்காரங்க வாரப்பெல்லாம் அப்பிடி நடக்கோணும்னு சொல்லிச் சொல்லிப் பழக்கிப்போட்டேனுங்க. இவளுக்கு முடியாதுங்க. சேந்தாப்பல செத்த நேரம் நிக்க முடியாதுங்க. ஒரு கொடம் தண்ணி தூக்க முடியாதுங்க. ராத்திரியில காலப் புடிச்சுட்டு உக்காந்திருப்பாளுங்க. நாந்தான் பாக்காத மாதிரி திரும்பிப் படுத்துக்குவேனுங்க."

அம்மா தூங்குகிறார் என்றுதான் அத்தனை வருடமும் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். நர்ஸைக் கூப்பிட்டு, மூலையில் ஒரு தடுப்புக்குப் பின்னால் என்னைப் படுக்க வைத்து, டேப்பால் இரண்டு காலையும் அளக்கச் சொன்னார். பிறகு அவரே வந்து பாதத்தையும் முட்டியையும் மடக்கி நீட்டிப் பார்த்தார். "இதை முதல்லயே காட்டியிருக்கலாமேம்மா" என்று சொல்லிவிட்டு, "நானும் கேட்டிருக்கணும்" என்றார். பழைய எண்ணை அடித்துவிட்டு ஐம்பது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்து அந்தப் பெண்ணைத் தேடினேன். வரிசையின் கடைசியில், எங்கோ தூரத்தில் நின்றுகொண்டிருந்தார். நான் தலையாட்டியதைப் பார்த்ததும் ஒரு கட்டையைத் தூக்கிக் காட்டிச் சிரித்தார். கிட்டே போய் நன்றி சொல்லியிருக்க வேண்டும். அந்தக் கூட்டத்தைத் தாண்ட அன்றைக்கு என் காலுக்குத் தெம்பில்லை. சாயங்காலத்துக்குள் அவர் முறை வந்ததா, அவருக்கு எத்தனை போட்டார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

உக்கடத்தில் பஸ் ஏறினோம். உட்கார இடம் கிடைத்தது. பஸ் வழியிலிருந்த குளத்தைத் தாண்டியது. பிறகு அம்மா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, மெதுவாக, "வலிக்குதா கண்ணு?" என்று கேட்டார்.

அதற்கு முன் அம்மா அதைக் கேட்டதே இல்லை. சாப்பிட்டாயா, மருந்து போட்டாயா என்று ஆயிரம் கேட்டிருக்கிறார், இதை மட்டும் கேட்டதில்லை. கேட்டால் என் கால் அப்படித்தான் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று பயந்திருப்பார். "ஒண்ணுமில்லம்மா" என்று வாய் வரை வந்ததை விழுங்கிவிட்டு, "ஆமாம்மா, ரொம்ப வலிக்குது" என்றேன். அம்மா என் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு, நடத்துநர் பார்க்கிறாரே, ஆட்கள் பார்க்கிறார்களே என்று நினைக்காமல், போத்தனூர் வரும்வரை பிடித்துவிட்டுக்கொண்டே வந்தார்.

பூத் கிடைத்தது, செல்போன் வரும்வரை அதில் கௌரவமாகப் பிழைத்தோம். அம்மா இப்போது இல்லை. யாருக்கு உதவித்தொகை கொடுக்கலாம், யாருக்கு நிறுத்தலாம் என்று டிவியில் விவாதம் நடக்கும்போதெல்லாம், முடிந்தும் முடியாது என்கிறவர்களைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கோ, என் மகளுக்கு முடியாது என்று நாலு பேர் முன்னால் சொல்ல முப்பது வருடம் எடுத்துக்கொண்ட அம்மாவின் குரல்தான் காதில் கேட்கிறது.